அப்பா கொண்டுவந்த பூச்சி மெஷின்

லாரியிலிருந்து மெஷினை இறக்கிய சாயங்காலம் அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், பிறை டவுன் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் காலை ஷிப்ட் முடிந்து வந்து நீலச் சட்டையைக்கூட மாற்றாமல் அக்கா நின்றிருந்தாள், ஆறாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்த நான் இருந்தேன். பக்கத்து வீட்டு மாமா கயிற்றின் ஒரு முனையைப் பிடித்திருந்தார். அண்ணன் இல்லை. அவன் சிங்கப்பூருக்குப் போய் இரண்டு வருடமாகியிருந்தது. எங்கள் வீட்டில் அந்த மெஷினில் ஆடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

“என்னாண்ணே, நிக்க வச்சுப் பொதைக்கிற பெட்டியா இது?” என்றார் மாமா.

ஆள் உயரம் இருந்தது. முன்பக்கம் கறுப்புக் கண்ணாடி, அதற்குக் கீழே ஒரு கைப்பிடி, ஒரு சிவப்புப் பித்தான். இன்னும் கீழே, முழங்கால் உயரத்தில், இருபது காசு போடுகிற ஓட்டை. மாமா அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார்.

“உண்டியல் சரியா இருக்கு. சாமியத்தான் காணோம்.”

“நீ பேசாம தூக்குப்பா,” என்றார் அப்பா.

ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டு முன்னறையில் அரிசிப் பீப்பாயை நகர்த்தி, இயேசுவின் இருதயப் படத்துக்குக் கீழே கொஞ்சம் தள்ளி அதை நிறுத்தினோம். தோட்டத்தில் எல்லோரும் அதைப் பூச்சி மெஷின் என்றுதான் சொல்வார்கள். காசைப் போட்டால் கண்ணாடிக்குள்ளே வரிசை வரிசையாகப் பூச்சிகள் கீழே இறங்கும். அடியில் ஒரு பீரங்கி இடமும் வலமும் ஓடும். பூச்சிகள் தரையைத் தொடுவதற்குள் எல்லாவற்றையும் சுட்டுவிட வேண்டும். சுட்டு முடித்தால் இன்னொரு கூட்டம் இறங்கும், முன்னதைவிட வேகமாக. அவ்வளவுதான் ஆட்டம். முடிவு என்று ஒன்று அதில் கிடையாது.

இந்த மெஷின் அதற்கு முன் திகாம் பத்து டவுனில் ஒரு சீனர் காப்பிக்கடையில் இருந்தது. அண்ணன் காலையில் ரப்பர் மரம் வெட்டிப் பாலைக் கொண்டுபோய் நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவான். சில நாள் என்னையும் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போவான். எனக்கு ஒரு ஐஸ் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு மெஷின் முன்னால் நிற்பான். ஆடும்போது நாக்கைக் கன்னத்துக்குள் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொள்வான். கத்தி பிடித்துக் காய்ப்பேறிய கைதான், அந்தக் கைப்பிடியில் மட்டும் பூவைத் தொடுகிற மாதிரி இருக்கும். கடையிலிருந்தவர்கள் காப்பியை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் வந்து நின்று பார்ப்பார்கள். கண்ணாடியின் உச்சியில் அன்றைக்கு யார் அதிகம் எடுத்தார்களோ அந்த எண் நிற்கும். பெரும்பாலும் அது அண்ணனுடைய எண்.

கடையை மூடும்போது முதலாளி, தவுக்கே, மெஷினை நிறுத்திவிடுவார். நிறுத்தியதும் எண் போய்விடும். மறுநாள் பூஜ்யத்திலிருந்துதான்.

“நேத்து எவ்ளோ எடுத்தேன்னு மெஷினுக்கே தெரியாதுண்ணே, அப்புறம் என்னாத்துக்கு?” என்று ஒருமுறை கேட்டேன்.

“எனக்குத் தெரியும்லா,” என்றான்.

அண்ணன் ஆறாம் வகுப்போடு நின்றவன். அக்காவும் நானும் படிக்க வேண்டும் என்பதற்காக நிறுத்தவில்லை. அந்த வருடம் அம்மா படுக்கையில் கிடந்தாள், வெட்டுக்கு ஆள் வேண்டியிருந்தது, அவன் போனான். போனவன் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. எங்கள் குடும்பத்தில் இடைநிலைப்பள்ளி வாசலைத் தாண்டி மேலே போனவன் நான்தான். என் வெள்ளைச் சட்டையும் சப்பாத்தும் அண்ணன் வாங்கியவை. சம்பளத்தில் பாதியை அம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் மீதியைத் தொடுவான். அந்த மீதியில் எவ்வளவு மெஷினுக்குள் போனது என்பதுதான் அப்பாவுக்கும் அவனுக்கும் சண்டை.

அது சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு நாள் அப்பா ரப்பர் ஆலையிலிருந்து நேராக, ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல், காப்பிக்கடைக்குள் வந்தார். அண்ணன் ஆடிக்கொண்டிருந்தான், பின்னால் கூட்டம். அப்பா யாரையும் பார்க்கவில்லை. தரையில் ஓடிய வயரைக் கண்ணாலேயே பின்தொடர்ந்து சுவர்வரை போய், பிளக்கைப் பிடுங்கினார். பூச்சிகளெல்லாம் சுருங்கி ஒரு வெள்ளைப் புள்ளியாகின. அந்தப் புள்ளி அணைகிறவரை அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எனக்கு வாங்கிய காப்பிக்குக் காசை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான். அவனுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஜொகூர் பஸ்ஸில் ஏறிவிட்டான். அங்கிருந்து சிங்கப்பூர். கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை என்று அக்காவுக்கு எழுதினான். அப்பாவுக்கு ஒரு வரியும் இல்லை. அப்பாவும் கேட்கவில்லை. வீட்டில் அவன் பெயர் ‘அவன்’ என்றானது. “அவன் எழுதினானா?” என்று அம்மா கேட்பாள். அப்பா அந்த நேரம் பார்த்துப் பீடியைத் தேடுவார்.

இரண்டு வருடம் போனது. டவுன்களில் புது மெஷின்கள் வந்துவிட்டன. தவுக்கே பூச்சி மெஷினைக் கடைக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். அதன் தலையில் காலிப் போத்தல் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். அப்பா அதை எப்போது பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. தீபாவளி முடிந்த வாரம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தவுக்கே தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுபவர்.

“அன்னிக்கு நீங்கதான் புடுங்குனது. இன்னிக்கு நீங்களே வாங்குறது. என்னா கதை இது?”

“வெலய சொல்லு தவுக்கே.”

“ரோசாக் ஆச்சுலா. ஓடாது. எலி எல்லாம் வயர் சாப்ட்டுச்சு.”

“ஓடாட்டி பரவால்ல.”

தவுக்கே மெஷின் தலையிலிருந்து ஒரு போத்தல் பெட்டியை இறக்கி வைத்தார். “உங்க மவன் போட்ட காசுலதான் எங்க கூரைக்குப் புது ஜிங்க் போட்டேன். கொறச்சி எடுத்துக்கறேன்,” என்றார்.

எதற்கு வாங்கினார் என்று அப்பா சொல்லவே இல்லை. “பலக நல்ல பலக, ஏதாச்சும் ஒண்ணுக்கு ஆகும்,” என்று மட்டும் முணுமுணுத்தார். அம்மாவுக்கு விளங்கிவிட்டது. அன்று இரவுச் சாப்பாட்டில் அக்காவிடம், “கிறிஸ்மஸுக்கு வரச் சொல்லி எழுது. மெஷினு நம்ம வீட்டுல நிக்குதுன்னு எழுது. கெட்டுப்போனதுன்னு எழுதிராத,” என்றாள். அப்பா காதில் விழாதவர்போலக் குழம்பை ஊற்றிக்கொண்டார். மறுநாள் அக்கா வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, “எழுதிட்டியாம்மா?” என்று கேட்டார்.

எழுதியாயிற்று. இனி அது ஓட வேண்டும்.

பின்கதவைத் திறந்தபோது எலிப்புழுக்கை, கரப்பான் முட்டை, நடுவில் பச்சை நிறத்தில் ஒரு பெரிய தகடு, அதில் கறுப்புப் பூரான்கள் மாதிரி வரிசையாக ஐசிகள். கதவின் உள்பக்கம் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“நீதானப்பா படிச்ச புள்ள. படி,” என்றார் அப்பா.

குனிந்து பார்த்தேன். முழுக்க ஜப்பான் எழுத்து.

“பன்னெண்டு வருசமா ஸ்கூலுக்குப் போற, ஒரு கதவப் படிக்கத் தெரியல,” என்றாள் அம்மா. அக்கா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டார்ச் ஆடியது.

அக்காவின் வேலை பற்ற வைப்பது. ஃபேக்டரியில் பூதக்கண்ணாடிக்குக் கீழே நாள் முழுக்க ஒரே மாதிரி ஈயப் பொட்டை ஒரே இடத்தில் வைப்பாள். அந்தப் பொட்டுக்கு அப்புறம் அந்தத் தகடு எங்கே போகிறது, என்ன ஆகிறது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் எலி கடித்த வயரைக் கண்டால் போதும், எந்த நிறம் எந்த நிறத்தோடு சேர வேண்டும் என்று பார்த்து ஒட்டிவிடுவாள். ஒரு சோல்டரிங் கம்பியும் ஈயமும் வாங்கினோம். தோட்டத்தில் அப்போது சாயங்காலம் இஞ்சின் போட்டால்தான் லயத்துக்குக் கரண்ட். பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். அதனால் இஞ்சின் சத்தம் கேட்டதும் அக்கா பெட்டிக்குள் தலையை விடுவாள், அப்பா டார்ச் பிடிப்பார், நான் பெயர் தெரியாத சாமான்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுப்பேன். ரொம்ப நாளாக அந்த வீட்டில் மூன்று பேர் ஒரே வேலையில் இறங்கியதில்லை.

அப்பா டார்ச் பிடித்துக்கொண்டே கேள்வி கேட்பார். கேள்வியெல்லாம் மெஷினைப் பற்றியது மாதிரிதான் இருக்கும்.

“அவன் எந்தப் பக்கம் கைய வப்பான்?”

“எடது கையில புடி, வலது கையில பித்தான்,” என்பேன்.

“எத்தினி கூட்டம் வரைக்கும் சுடுவான்?”

“எண்ண முடியாதுப்பா. அவனா நிறுத்துனாத்தான் உண்டு.”

அப்பா தலையாட்டுவார். அந்தக் கடைசிப் பதிலைச் சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. அவர் டார்ச்சை அசைக்காமல் பிடித்திருந்தார்.

நவம்பர் கடைசியில் ஒரு சாயங்காலம் கண்ணாடிக்குள் வெளிச்சம் வந்தது. முதலில் மழை பெய்கிற மாதிரி கோடுகள், பிறகு பூச்சிகள். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அந்தக் காலத்து மெஷினில் படம் வெறும் கறுப்பு வெள்ளைதான். கண்ணாடி மேல் ஒட்டிய நிறத்தாளால்தான் மேலே சிவப்பும் கீழே பச்சையுமாகத் தெரியும். அந்தத் தாள் வெளுத்து, சுருண்டு போயிருந்தது. அக்கா உள்ளே போய், வாசலில் கட்டுகிற கிறிஸ்மஸ் நட்சத்திரத்துக்கு வாங்கி வைத்திருந்த சிவப்பு, பச்சைக் கண்ணாடித்தாளை எடுத்து வந்தாள்.

“அடியே, அது நட்சத்திரத்துக்குடீ!”

“நட்சத்திரம் வெள்ளையா இருந்தா மூணு ராஜாக்களும் வழி தவறிருவாங்களாம்மா?”

அந்த வருடம் எங்கள் வாசல் நட்சத்திரம் வெறும் வெள்ளைத்தாள். பூச்சிகளோ சிவப்பாக இறங்கின.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அப்பாவின் பங்கு என்று இன்னும் ஒன்றுமே நடக்கவில்லை. டார்ச் பிடித்தது மட்டும்தான். பெட்டியின் பலகை மழையில் ஊறி விளிம்பெல்லாம் ஏடு ஏடாக விரிந்திருந்தது. மூலைகளில் கரப்பான் நுழைகிற இடைவெளி இருந்தது. அதை அவர் எடுத்துக்கொண்டார்.

தோட்டத்து ஆட்கள் எதையும் ரப்பர் பாலால்தான் ஒட்டுவார்கள். அறுந்த சிலிப்பர், கிழிந்த டியூப், புத்தக அட்டை, எங்கள் அந்தோனியார் சுரூபத்தின் உடைந்த கைகூட அதில்தான் நிற்கிறது. மரத்திலிருந்து வரும் பால் சீக்கிரம் கட்டியாகிவிடும்; ஆலையில் அமோனியா கலந்து வைத்த பால் கட்டியாகாது. அப்பா வேலை பார்த்தது அந்த ஆலையில்தான். ஆலைக் கங்காணி மண்டோரிடம் சொல்லிவிட்டு ஒரு டின் கொண்டுவந்தார். ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு ஏட்டுக்கும் நடுவில் தடவி, கயிற்றால் கட்டி, உள்மூலைகளையெல்லாம் தடிமனாகப் பூசி அடைத்தார். அழகான வேலை. ஒரு ஊசி நுழைய இடமில்லை. தூசி ஒட்டக்கூடாது என்று பின்கதவையும் சாத்திப் பூட்டினார்.

“காயட்டும். யாரும் தெறக்காதீங்க.”

பெட்டியிலிருந்து அமோனியா வாடை வீடு முழுக்க வந்தது. வெளி ஆள் ஒருவர் வந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “என்னாச்சு, கதவத் தெறங்க,” என்று சொல்லியிருப்பார். எங்களுக்கு அது அப்பாவின் வாடை. அவர் சட்டையில், தலையணையில், அவர் தூக்கிக் கொஞ்சிய எங்கள் சின்ன வயதில் எல்லாம் இருந்த வாடை. யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. அக்கா அந்த நாட்களில் ஓவர்டைம், வந்ததும் படுத்துவிடுவாள்.

பாலெல்லாம் காய்ந்துவிட்டது என்று அப்பா கதவைத் திறந்தபோது, உள்ளே செம்பாக இருந்த இடமெல்லாம் நீலப்பச்சையாக இருந்தது. பித்தளைத் தகடுகள் பாசி பிடித்த மாதிரி. பித்தானைத் தொட்டேன், உள்ளேயிருந்த மெல்லிய பித்தளை நாக்கு பட்டென்று முறிந்து விழுந்தது. பிளக்கைப் போட்டோம். கண்ணாடி கறுப்பாகவே இருந்தது. அந்த நீலத்தை நான் பள்ளிக்கூடச் சோதனைக்குழாயில் பார்த்திருக்கிறேன். அங்கே அது அழகாக இருந்தது.

அக்கா பென்சில் ரப்பரை எடுத்துத் தகட்டின் விளிம்பைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். செம்புக் கோடுகள் சில இடத்தில் அழிப்பானோடு உரிந்து வந்தன. பிறகு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

“அமோனியாப்பா. பெட்டிய மூடி வச்சதால அப்பிடியே தின்னுருச்சு.”

அப்பா முறிந்து விழுந்த பித்தளை நாக்கைப் பொறுக்கி எடுத்தார். “செம்பு பட்டா பாலு கெட்டுரும்னு தெரியும். ஆலையில ஒரு பித்தள ஆணியக்கூட பாலுகிட்ட விடமாட்டோம். முப்பது வருசமா பாலத்தான் காபந்து பண்ணியிருக்கேன். செம்பும் கெடும்னு நெனைக்கவே இல்லியே.”

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்போல. அவர் எழுந்து கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். கிறிஸ்மஸுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. அண்ணனிடமிருந்து பதிலும் வரவில்லை.

லயத்துப் பெண்கள் சீட்டு மாதிரிச் சேர்க்கிற கூட்டுப் பணம் அந்த மாதம் அம்மாவின் முறை. அக்காவுக்கு ஒரு சங்கிலி என்று அவள் எத்தனையோ மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதை எடுத்து அப்பாவின் பூசைச் சட்டைப் பையில் வைத்தாள். அக்கா, “எனக்குச் சங்கிலி போட்டா கழுத்து அரிக்கும்மா,” என்றாள்.

அப்பாவும் நானும் பினாங்குக்குப் போனோம். பஸ்ஸில், அப்புறம் தீவுக்குப் பெர்ரியில், அந்தத் தகட்டைக் கோதுமை மாவுச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார், ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கொண்டுபோகிற மாதிரி. கேம் மெஷின் பழுது பார்க்கிற கடை ஒன்று சந்துக்குள் இருந்தது. அங்கிருந்த சீனப் பையனுக்கு என் வயது இருக்கும். தகட்டைத் திருப்பிப் பார்த்தான். “இது செத்துப்போச்சு, அங்கிள். வேற ஆட்டம் போட்டுத் தர்றேன். கலரு, பாட்டு எல்லாம் வரும். விலையும் கம்மி. பூச்சிய இப்ப யாரும் தொடறதில்ல,” என்று மலாயில் சொன்னான்.

அப்பாவுக்கு மலாய் கொஞ்சம்தான் வரும்.

“இதேதான் வேணும்.”

“ஏன் அங்கிள்?”

“இதுதான் அவனுக்குத் தெரியும்.”

பையன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். அவன் உள்ளே போய் வெகுநேரம் உருட்டி, வேறொரு பழைய மெஷினிலிருந்து கழற்றிய தகடு ஒன்றைக் கொண்டுவந்தான். அப்பா விலை பேசவில்லை. அவர் விலை பேசாமல் ஒரு சாமான் வாங்கி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் மெஷின் மறுபடி ஓடியது. பூச்சிகள் இறங்கின, சத்தமும் வந்தது. அக்கா ஒரே ஒரு காசு போட்டுச் சோதித்துப் பார்த்தாள். மாமா வந்து, “அண்ணே, ஒரு கை?” என்று கேட்டார். “அவன் வரட்டும்,” என்று சொல்லிவிட்டு அப்பா அம்மாவின் பழைய சேலையால் அதை மூடினார். நாங்கள் யாரும் தொடவில்லை. சாயங்காலம் பஸ் வருகிற நேரத்தில் அம்மா ஏதாவது சாக்கு வைத்து வாசலுக்கு வருவாள். துணி எடுக்க, கோழியை விரட்ட. அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், ரோட்டோரம் சுத்தமாகவே இருந்த சாக்கடைக் காணை மறுபடி சுத்தம் செய்வார். நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பேன்.

கிறிஸ்மஸுக்கு முதல் நாள் மத்தியானம் காப்பிக்கடைப் பையன் மோட்டார் சைக்கிளில் வந்தான். சிங்கப்பூரிலிருந்து கடைக்குப் போன் வந்ததாம். அண்ணன் அஞ்சு மணிக்குத் திரும்ப அடிப்பானாம்.

“நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டப் பாத்துக்கறேன்,” என்றார் அப்பா. மாமாவின் காரில் ஏறப் போனபோது முன் சீட்டில் அப்பா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

போன் கல்லாவில், சிகரெட் டின்களுக்குப் பக்கத்தில் இருந்தது. அம்மாதான் முதலில் பேசினாள். “சாப்ட்டியாய்யா? எந்த பஸ்ஸுல வர்ற?” என்று கேட்டுவிட்டு, அப்புறம் கேட்டுக்கொண்டே இருந்தாள். “சரிய்யா… சரிய்யா…” என்று மட்டும் வந்தது. ரிசீவரை அக்காவிடம் நீட்டிவிட்டுப் புதுச் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

அக்கா திட்டினாள். “கப்பல் வந்துச்சுன்னா? கப்பலுக்கு என்னா, அது நிக்காதா? கண்ணு போக வயரு ஒட்டி வச்சிருக்கேண்ணே, தெரியுமா?” திட்டி முடித்ததும் ரிசீவரை என்னிடம் கொடுத்தாள்.

“படிக்கிறியாடா?” என்றான். அதே குரல். அந்தப் பக்கம் இரும்பை இரும்பால் அடிக்கிற சத்தம் கேட்டது.

“படிக்கிறேண்ணே. மெஷினு ஓடுது. அப்பாதான் செஞ்சாரு. பினாங்கு வரைக்கும் போயி வாங்கிட்டு வந்தாரு. யாரையும் தொட விடல.”



“அப்பாவா?”

“பக்கத்துலதான் நிக்கிறாரு.”

யாரையும் கேட்காமல் ரிசீவரை அப்பாவின் கையில் வைத்தேன். அவர் தலைகீழாகப் பிடித்தார், திருப்பிக் கொடுத்தேன். அதற்கு முன் அவர் போனில் பேசியதில்லை. காதில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றார். ட்ரங்க் காலுக்குக் காசு ஏறிக்கொண்டிருந்தது.  தவுக்கே ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

பிறகு அண்ணனின் குரல் எனக்கே கேட்டது. “அப்பா.”

“ம்.”

அண்ணன்தான் மறுபடி பேசினான். வேறு என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டிருப்பான் என்று நினைக்கிறேன். எனக்குமே தெரிந்திருக்காது.

“மெஷினுக்கு எவ்ளோப்பா செலவு புடிச்சுச்சு?”

அப்பா இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. கேட்டால் பீடியைத் தேடுவார். இப்போது பை பக்கம் கை போகவில்லை. விடியற்காலை வேலைக்கு முன் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றுகொண்டார். கடை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்:

“பஸ்ஸு, பெர்ரி எல்லாஞ் சேத்துய்யா, அறுநூத்திப் பதினேழு வெள்ளி நாப்பது காசு.”